குடைக்கல்லுக்குப் போகும் வழி

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அத்தையும் சுகம். என் முட்டி மட்டும் தனியாக முனகிக்கொண்டிருக்கிறது, அதைக் கணக்கில் சேர்க்காதே. நீயும் மருமகளும் பேத்தியும் அந்தக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். பேத்திக்கு முன்பல் விழுந்துவிட்டது என்று சின்னவள் சொன்னாள், படம் எடுத்து அனுப்பு. அவள் இன்னொன்றும் சொன்னாள். அந்த வீடியோவை நீ பார்த்துவிட்டாயாம், என்னிடம் பேசாமல் அவளுக்குப் போன் போட்டு, "இந்த வயசுல அம்மாவுக்கு எதுக்கு இந்த வேலை, என்கூட வேலை பாக்குறவன் எனக்கே அனுப்புறான், வெளிய தலை காட்ட முடியல" என்று குதித்தாயாம். போனில் நான் ஒன்று சொன்னால் நீ பாதியில் குறுக்கே விழுவாய், அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் குறுக்கே விழ முடியாது. முழுக்கப் படி.

உன் அத்தைக்குப் பக்கவாதம் வந்த நாளிலிருந்து எனக்கு இது வேண்டும் என்று அவள் வாய் திறந்து கேட்டதே இல்லை. காப்பி ஆறியிருந்தால்கூடச் சொல்ல மாட்டாள், குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைப்பாள். நில அளவை ஆபீசில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவள், எந்த மேடு எங்கே ஏறுகிறது எந்தப் பாறை எங்கே நிற்கிறது என்பதையெல்லாம் காகிதத்தில் வரைந்தவள், நேரில் போய்ப் பார்த்தது ரொம்பக் குறைவு. போன மாதம் டிவியில் குடைக்கல்லைக் காட்டினார்கள். காற்றும் மழையும் அரித்து அரித்துக் கீழே மெலிந்து மேலே அகலமாக, விரித்த குடைபோல வெட்டவெளியில் தன்னந்தனியாக நிற்கிற பாறை. அதைப் பார்த்ததும் திரும்பி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்து, "அண்ணி, பாக்கணும்" என்றாள். சின்னவள் வேண்டாம் என்றாள், பிசியோதெரபிக்கு வருகிற பெண்ணும் உதட்டைப் பிதுக்கினாள், உன்னிடம் சொன்னால் நீ என்ன சொல்வாய் என்று தெரியும், அதனால் உன்னிடம் சொல்லவே இல்லை. நம் தெருவில் வேன் வைத்திருக்கிறாரே, எதற்கெடுத்தாலும் பொறுமை பொறுமை என்பாரே, அவர் ஓய்வு பெற்றவர்களைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகிறார் என்று தெரிந்ததும் இரண்டு சீட்டு போட்டுவிட்டேன். சக்கர நாற்காலியை மடித்துப் பின்னால் வைத்தோம். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியில் பென்சில்களைக் கட்டுக்கட்டாக நிறுத்தி வைத்ததுபோல இருந்த மலைச்சரிவைப் பார்த்து வாய் பிளந்தவள் மூடவே இல்லை.

குடைக்கல்லுக்கு இரண்டு வழி. ஒன்று மலைமேல் ஏறி இறங்குகிற செங்குத்துப் படிக்கட்டு, அது எனக்கே ஆகாது. இன்னொன்று பழைய கல்தோட்டத்தின் நடுவே போகிற சமதளப் பாதை. கல்தோட்டம் என்றால் பூச்செடி நட்ட தோட்டம் என்று நினைத்துக்கொள்ளாதே. பல தலைமுறைக்கு முன்னால் யாரோ ஒரு நிலக்காரர் கல்லையும் பாசியையும் மட்டும் வைத்து உண்டாக்கியது, ஊருக்கே பொதுவில் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். நாங்கள் போய் இறங்கினால் வாசலில் பளபளவென்று புது இரும்பு கேட், பக்கத்தில் பெரிய ஓட்டல். தோட்டத்தைப் பராமரிக்கிறோம் என்று பொறுப்பெடுத்த ஓட்டல்காரர்கள் தங்கள் வீட்டுக் கொல்லைப்புறமாகவே ஆக்கிக்கொண்டுவிட்டார்கள். கோட்டு போட்ட மேனேஜர் வந்து, ரொம்ப மரியாதையாக, "மேடம், இது எங்க ரூம்ல தங்குறவங்களுக்கு மட்டும். நீங்க படிக்கட்டு வழியா போயிக்கலாம்" என்றார். நான் நாற்காலியைக் கைகாட்டினேன். அவர் அத்தையைப் பார்த்தார். அப்புறம், இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை, அவளிடம் பேசாமல் என்னிடம் திரும்பி, "இவங்களுக்கு என்ன தெரியப் போகுது, பாவம், வேன்லயே உக்கார வைங்க, நாங்க ஜூஸ் அனுப்புறோம்" என்றார். வேனில் வந்தவர்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள். நானும் ஒரு நிமிடம் தளர்ந்துதான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். இத்தனை தூரம் கூட்டி வந்து அவளை வேனில் ஜூஸ் குடிக்க வைத்துத் திருப்பிக் கூட்டிப் போவதா என்று இருந்தது. அப்போது அத்தை, "போ... லாம்" என்றாள். மேனேஜருக்கு முகமெல்லாம் சிரிப்பு, "பாருங்க, அவங்களே போலாங்கிறாங்க" என்று வேன் பக்கம் கையை நீட்டினார். அத்தை தன் நல்ல கையைத் தூக்கி கேட்டைக் காட்டினாள்.

அதற்கப்புறம் என்ன யோசிக்க இருக்கிறது சொல். உன் அம்மா பஸ் கண்டக்டராக இருந்தவள். பிதுங்கி வழிகிற பஸ்ஸில் முன்னால் இருந்து பின்னால் வரைக்கும் கேட்கிற குரல், அதை ரிட்டயர் ஆனபோது ஆபீசில் ஒப்படைத்துவிட்டு வரவில்லை. "உள்ள போங்க, உள்ள போங்க, வழியில நிக்காதீங்க, பின்னாடி ஆள் வருது" என்று ஒரு சத்தம் போட்டேன். பழக்கதோஷம் என்பது பெரிய விஷயமடா, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் நகர்ந்துவிட்டார்கள். கேட்டில் இருந்த வாட்ச்மேன்கூடத் தன்னை அறியாமல் தள்ளி நின்றார். மேனேஜர் மட்டும் ஓடி வந்து நாற்காலிக்கு முன்னால் கையை விரித்து நின்றார். அவரைத் தொடவில்லை, திட்டவும் இல்லை, வீடியோவில் அது இருக்காது. "தம்பி, நீங்க நிக்கிறது வழி. வழியில நிக்கிறவங்கள நகத்துறதுதான் என் உத்தியோகமா இருந்துச்சு, கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றேன். அவர் தள்ளிக்கொள்ளவில்லை. நாங்களும் திரும்பவில்லை. வெயிலில் அப்படியே நின்றோம், அவர் வியர்வையைத் துடைக்கக் கையை இறக்கியபோது நாற்காலியை ஒடித்துத் திருப்பி அந்த இடைவெளியில் போய்விட்டேன். யாரோ போனில் பிடித்து உன் நண்பன்வரைக்கும் வந்தது அதைத்தான், நான் கத்துகிறதும் நாற்காலியைத் தள்ளுகிறதும். அதற்கப்புறம் நடந்ததை யாரும் படம் பிடிக்கவில்லை, நான் சொல்கிறேன் கேள்.

உள்ளே வெள்ளைச் சரளைக்கல்லைத் தலை வாருவதுபோலச் சீவிச் சீவி ஆறு ஓடுவதுபோலப் போட்டிருக்கிறார்கள், சொட்டுத் தண்ணீர் கிடையாது, ஆனால் ஓரத்தில் நின்றால் புடவை நனைந்துவிடுமோ என்று தூக்கிப் பிடிக்கத் தோன்றுகிறது. கரையில் பாசி படர்ந்த பாறைகள், சில படுத்தபடி, சில முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடி. பாதையில் ஓர் இடத்தில் சக்கரம் புதைந்துகொண்டது. மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓட்டல் விருந்தாளி அம்மா ஒருத்தி இறங்கி வந்து, யார் எவர் என்று கேட்காமல், மறுபக்கம் பிடித்துத் தூக்கினாள். "எங்க நிம்மதிய கெடுக்கிறீங்கன்னு அங்க சொல்லிட்டிருக்காங்க, எனக்கு அப்படி ஒண்ணும் கெடல" என்று சொல்லிவிட்டு எங்களோடேயே வந்தாள். தோட்டம் முடிகிற இடத்தில் சட்டென்று வெட்டவெளி, நடுவே குடைக்கல். டிவியில் பார்த்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. நம் வீட்டை அப்படியே தூக்கி அதன் நிழலில் வைக்கலாம். அத்தை ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தாள், வரைகிறவள் பார்க்கிற மாதிரி கண்ணைச் சுருக்கி, ஒரு கண்ணை மூடி. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். முகத்தின் ஒரு பக்கம் மட்டும்தான் சிரிக்கும் அவளுக்கு. "இதுவும்... ஒரு பக்கமா... தான் நிக்குது அண்ணி" என்றாள். பக்கவாதம் வந்த பிறகு அவள் செய்த முதல் கேலி அது. நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன், தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது போலீஸ் வந்திருந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு பெண், சின்னவள் வயதுதான் இருக்கும். ஸ்டேஷனுக்கு வரச்சொன்னாள், போனோம். "ஒரு சாரி சொல்லிட்டுப் போயிடுங்கம்மா, எதுக்கு அலைச்சல்" என்றாள். "பொது வழியில நடந்ததுக்கு யாராவது சாரி சொல்வாங்களாம்மா, வாசல்ல பூந்தொட்டிக்குப் பின்னாடி ஒரு போர்டு இருக்கு, அரசாங்கம் வச்சது, தொட்டிய நகத்திட்டுப் படிச்சுப் பாருங்க" என்றேன். கேட்டில் நின்றபோதே அரசு முத்திரையோடு அதன் மேல்விளிம்பு என் கண்ணில் பட்டிருந்தது. அவள் போய்ப் பார்த்தாள். அனைவரும் தடையின்றி வரலாம் என்று அதில் இருந்தது. இதற்குள் வேன்காரர், அதுதான் பொறுமை, ஸ்டேஷன் வாசலில் நின்று, "வயசானவங்கள எவ்வளவு நேரம்தான் உக்கார வைப்பீங்க" என்று பொறுமையை இழந்து கத்திக்கொண்டிருந்தார். கேசு போடவில்லை, ஆனால் புகார் அப்படியே இருக்கிறது. நான் மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஓட்டல்காரர்கள் சொன்னார்கள். நீ உடனே அதை அழகாக டைப் செய்து, கையெழுத்து மட்டும் போடச் சொல்லிச் சின்னவளுக்கு அனுப்பிவிட்டாய். படித்தேன். உணர்ச்சிவசப்பட்டு அவ்வாறு நடந்துகொண்டேன் என்று எழுதியிருக்கிறாய். இல்லையப்பா. உணர்ச்சிவசப்பட்டிருந்தால் வேனில் உட்கார்ந்து அழுதிருப்பேன். நன்றாக யோசித்துத்தான் தள்ளினேன். எனக்குக் கேடு வந்துவிடக் கூடாது என்றுதான் நீ எழுதினாய், அது எனக்குத் தெரியும், அதற்காக உன்மேல் கோபம் இல்லை. ஆனால் அதில் நான் கையெழுத்துப் போட்டால் உன் அத்தை உள்ளே போனது தப்பு என்று ஆகிவிடும். அதை என் கையால் எழுத மாட்டேன். உன் நண்பன் மறுபடி கேட்டால், ஆமாம் என் அம்மாதான் என்று சொல்லிப் பார், வாய் வலிக்காது.

இப்போது நிலவரம் இதுதான். விசாரணை முடியும்வரை கேட்டைப் பூட்டக் கூடாது என்று மாவட்ட அதிகாரி சொல்லிவிட்டார். பொறுமை அதற்குள் இன்னொரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போய் வந்துவிட்டார், அதில் ஊன்றுகோலோடு போனவர்களும் உண்டாம். அடுத்த மாதம் அதிகாரி அந்த இடத்துக்கே வந்து விசாரிக்கிறார். முடிவு நம் பக்கம் வருமா வராதா தெரியாது, ஓட்டல்காரர்கள் பெரிய வக்கீலை வைத்திருக்கிறார்கள். வந்தாலும் வராவிட்டாலும் நாங்கள் போகிறோம். நான்தான் பேசுவதாக இருந்தேன், உன் அத்தை கூடாது என்றுவிட்டாள். தானே பேசப்போகிறாளாம். தினமும் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பழகுகிறாள். "நான்தான் உள்ள போகச் சொன்னேன்" என்பது முதல் வாக்கியம், அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு ஒரு கீரைக்கட்டு ஆய்ந்து முடிந்துவிடுகிறது. அதிகாரிக்கு நேரம் இருக்குமோ என்று கேட்டேன். "இருக்க... ணும்" என்றாள்.

ராத்திரி வெகுநேரம் வேலை பார்க்காதே, மருமகளைக் கேட்டதாகச் சொல், பேத்தியைச் சத்தமாகப் பேசிப் பழக விடு. நோய்நொடி அண்டாமல், யாரிடமும் கூனிக் குறுகாமல் மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். ஞாயிற்றுக்கிழமை போன் போடு, எனக்கு வேண்டாம், அத்தைக்குப் போடு. ஒன்றே ஒன்று மட்டும் மறக்காதே, அவள் பேசும்போது அவள் தேடுகிற வார்த்தையை நீ எடுத்துக் கொடுக்காதே. காத்திரு.

உன் அம்மா