பள்ளிக்கூடத்தில் நிற்கும் புள்ளி

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் பாப்பு எழுதுகிறேன். முட்டிவலி குறைந்ததா? நான் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன்.

தினமும் மேப்பைத் திறந்து, என் புள்ளி பள்ளிக்கூடத்தில் நிற்பதைப் பார்ப்பீர்களே, அங்கே இருப்பது என் போன் மட்டும்தான். சித்தி மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து என்னைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கிறேன். கதவை வெளியே பூட்டிவிடுகிறார்கள். ஸ்கூல் வேன் ஓட்டும் சித்தப்பா, என் போனைத் தன் பையில் போட்டுக்கொண்டு போகிறார். மெயில், மெசேஜ், போட்டோ, மேப் எல்லாம் ஒரே கம்பெனியுடையது. எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு. அது அவரிடம் இருக்கிறது. "பரீட்சை நல்லா எழுதினேம்மா" என்று உங்களுக்கு வந்ததே, அதை நான் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை வேன் பஞ்சராகி, புள்ளி பாதி வழியில் நின்றதும் உடனே விசாரித்தீர்களாம்.

"உங்கக்கா சிஐடி வேலைக்குப் போயிருக்கலாம்டி" என்று சித்தப்பா சிரித்தார்.

"டிராஃபிக்னு போட்டு விடுங்க, நம்பிடுவா" என்றார் சித்தி.

நானும் சிரித்துவைத்தேன்.

மாடி வீட்டு நர்ஸ் அக்கா இதைத் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். காலையில் ஜன்னல் வழியாகக் கொடுத்துவிடுவேன். போனில் மட்டும் பதில் போட்டுவிடாதீர்கள். வரும்போது என் பழைய செருப்பை எடுத்து வாருங்கள். இங்கே இருந்ததைச் சித்தி ஒளித்து வைத்துவிட்டார்.

குழந்தை சிணுங்குகிறது, சித்தி எழுந்துவிடுவார். நாளைக்கும் எட்டரை மணிக்குப் புள்ளி பள்ளிக்கூடத்தில் நிற்கும். நீங்கள் அங்கே போகாதீர்கள் அம்மா, வீட்டுக்கு வாருங்கள்.

பாப்பு