முர்சியாவில் மணி நான்கு

அக்டோபர் 24, செவ்வாய்

கிளீசா பள்ளியில் முதல் சுற்று முடிந்தது. நாற்பத்திரண்டு பிள்ளைகள், பதினெட்டுக் கேள்விகள், பதினொரு மணிக்குத் தொடங்கி இருபது நிமிடம். ஒருவர்கூட விடுபடவில்லை. கொச்சபம்பாவிலிருந்து ஷேர் வேனில் மடியில் வினாத்தாள் கட்டும் காலடியில் யாருடையதோ ஒரு புறாக்கூண்டுமாக வந்த எரிச்சலெல்லாம் போயிற்று.

தொடங்கும் முன் வழக்கமான உறுதிமொழியைச் சொன்னேன்: இதில் எழுதுவதால் உங்களுக்கு ஒரு கெடுதலும் வராது. முதல் வரிசையில் இருந்த யோசெலின் என்ற பெண், "சத்தியமா டீச்சர்?" என்றாள். நான் டீச்சர் இல்லை, மனநல ஆய்வாளர் என்று அதுவரை நான்கு முறை சொல்லியாகிவிட்டது.

"சத்தியமா."

சராசரி 28. எல்லைக்கோடு 36, அதற்கு மேல் போனால்தான் கவலை. ஒன்பது நாடுகளில் இதே வினாத்தாள்; பொலிவியாவுக்கு இந்தக் கிளீசா பள்ளி. இணையம் ஒருவரை ஆட்டிப்படைக்கிறதா என்பதை எல்லா ஊரிலும் இது ஒரேமாதிரி அளக்குமா என்று பார்க்கத்தான் இத்தனை பாடும். இரண்டு வாரம் கழித்து அதே பிள்ளைகள், அதே கிழமை, அதே நேரம். மதிப்பெண் ஏறக்குறைய இதுவே வரவேண்டும். வாரத்துக்கு ஒரு நீளம் காட்டினால் அது என்ன அளவுகோல்?

அக்டோபர் 26

தலைமையாசிரியர் காசியானோ போன் செய்தார். ஆய்வுக்கு இடம் கொடுத்ததற்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்று, வகுப்பின் சராசரி. பெயர்கள் வேண்டாம். நவம்பர் 29 பெற்றோர் குழு கூடுகிறது. காலையில் வாசலிலேயே போன்களை வாங்கிப் பெட்டியில் பூட்டி, வீட்டுக்குப் போகும்போதுதான் தரவேண்டும் என்று அங்கே கேட்கப்போகிறார். 28 என்றதும் அவர் குரல் இறங்கிவிட்டது.

"அவ்வளவுதானா மேடம்? ஒரு வாரம் நீங்க இந்தப் பசங்கள மேய்ச்சுப் பாருங்க, தெரியும்."

நவம்பர் 2

இறந்தவர்களுக்குப் படைக்கும் ஆன்மாக்கள் நாள். அப்பாவுக்குப் படைத்த மேசையிலிருந்து குழந்தை உருவில் சுட்ட ரொட்டி இரண்டை நானே தின்றுவிட்டேன். அவர் கோபிக்க மாட்டார்.

நவம்பர் 7, செவ்வாய்

இரண்டாம் சுற்று. அதே அறை, அதே பதினொரு மணி. கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நின்றேன். ஆனால் பிள்ளைகள் அன்று போல் இல்லை. சுவரோரம் அடுக்கியிருந்த பைகளுக்குள் வண்டு புகுந்தது போல போன்கள் அதிர்ந்துகொண்டே இருந்தன. ஆளாளுக்குத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

யோசெலின் கை தூக்கினாள். "டீச்சர், பாத்ரூம் போகணும்."

"இருபது நிமிஷம் பொறுத்துக்கோம்மா."

"அஞ்சே நிமிஷம் டீச்சர்."

"எல்லாருக்கும் ஒரே விதி. உட்காரு."

பதினெட்டுக் கேள்விகளையும் இரண்டு நிமிடத்தில் எழுதித் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். விதிப்படி நடு நேரத்தில் யாரையும் வெளியே விடக்கூடாது. விடவில்லை.

நவம்பர் 10

41.

மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். 'வகுப்பு நேரத்தில் ஒளிந்து இணையத்துக்குப் போகிறேன்', 'போனைப் பார்க்க முடியாவிட்டால் நிலைகொள்ளாமல் இருக்கிறேன்' – இரண்டிலும் பாய்ச்சல். இரண்டு வாரத்தில் ஒரு வகுப்பே இப்படி ஆகுமா? காய்ச்சல்கூட இத்தனை வேகமாகப் பரவாது.

நவம்பர் 13

காசியானோவுக்குச் சொல்லாமல் இருக்கலாமா என்று காலை முழுவதும் யோசித்தேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன். சொன்னேன்.

"நான் அப்பவே சொன்னேனே மேடம். பதினோரு மணியானா வகுப்புல பாதி காலி. அத்தனை பேருக்கும் ஒரே நேரத்துலயா வயித்தால போகும்? தச்சன்கிட்ட பெட்டிக்குச் சொல்லிட்டேன்."

அந்தப் பெட்டியைச் செய்வது தச்சன் இல்லை, நான்தான். 'சத்தியமா' என்று அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொன்ன அதே நான்.

நவம்பர் 14

ஐரோப்பாவிலிருந்து அன்னெலீஸின் கடிதம். ஒன்பது நாடுகளையும் ஒருங்கிணைப்பவள் அவள். இரண்டு சுற்றுக்கும் பொருத்தமே இல்லையாம். கிளீசாவை நீக்கிவிட்டு எட்டு நாடுகளோடு முடிக்கலாமாம். கடைசி வரியில் என் உழைப்புக்கு நன்றி. நன்றியாம்! நீயே வச்சுக்கோ.

நாளை மாதக் கூட்டம். நேரில் கேட்கிறேன்.

நவம்பர் 15

வழக்கம் போல ஒன்பது மணிக்குக் கூட்டத்தில் நுழைந்தேன். யாரும் இல்லை. ஒரு மணி நேரம் திரையில் என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு, வந்ததும் எப்படித் திட்டுவது என்று வாசகம் தயாரித்தேன். பத்துக்கு அன்னெலீஸ் வந்தாள். "ரொம்ப சீக்கிரமே வந்துட்டீங்களா, நில்டா?"

அவர்கள் எப்போதும் போலத் தங்கள் ஊர் மூன்று மணிக்குத்தான் வந்திருக்கிறார்கள். அக்டோபர் 29 அன்று ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். குளிர்காலம் வந்தால் அங்கே அப்படித்தான். நாம் தள்ளுவதில்லை. ஒவ்வொரு வருடமும் இதில் ஏமாறுகிறேன்.

அதற்குப் பிறகு அவள் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. அக்டோபர் 29. முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் நடுவே. பதினொரு மணியானால் பாதி வகுப்பு காலி.

நம் பள்ளத்தாக்கில் எந்த வீட்டில் ஒரு ஆள் ஸ்பெயினில் இல்லை? இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

நவம்பர் 16

கிளீசா. பத்து மணி இடைவேளை. யோசெலின் படியில் உட்கார்ந்து, வாசலில் கூடைக்காரியிடம் வாங்கிய, கறி அடைத்துச் சுட்ட சால்ட்டெஞாவைத் தின்றுகொண்டிருந்தாள். போன் பையிலிருந்து வெளியே வரவே இல்லை.

"பதினோரு மணிக்கு என்னம்மா நடக்குது?"

"டீச்சர்கிட்ட சொல்ல முடியாது."

"நான்தான் டீச்சர் இல்லையே."

சிரித்துவிட்டாள். பிறகு சொன்னாள். "எங்கம்மா ஸ்பெயின்ல, முர்சியாவுல ஒரு தாத்தாவப் பாத்துக்கிறாங்க. நாலு மணிக்கு அவரு தூங்குவாரு. அந்த ஒரு மணி நேரந்தான் அம்மாவுக்கு. மத்த நேரம் அந்த வீட்டுல போனைத் தொடக்கூடாது. முன்னாடி அது நமக்குப் பத்து மணி, இன்டர்வெல். இப்ப பதினொண்ணு, கணக்கு பீரியடு. இங்க நிறையப் பேரோட அம்மாவுக்கும் அதே நேரந்தான்."

"அன்னிக்கு நீ பாத்ரூம் கேட்டது…"

"அம்மா கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு அழுதிருக்காங்க டீச்சர்."

அந்த இருபது நிமிடமும் நான் அங்கே கடிகாரத்தோடு நின்றேன். வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் இல்லை.

வகுப்பில் கேட்டேன். அம்மாவோ அப்பாவோ ஸ்பெயினிலோ இத்தாலியிலோ இருப்பவர்கள் தாளில் பெயருக்குப் பதிலாக நான் கொடுத்திருந்த எண்ணை மட்டும் ஒரு துண்டில் எழுதித் தாருங்கள் என்றேன். இருபத்தேழு துண்டுகள்.

வீட்டுக்கு வந்ததும் தாள்களைப் பிரித்தேன். அந்த இருபத்தேழு பேர்: 30 இருந்தது 50 ஆகியிருக்கிறது. மீதிப் பதினைந்து பேர்: 25, பிறகு 26. முதல் சுற்றை அவர்கள் அம்மாவோடு பேசி முடித்த பின் எழுதினார்கள். இரண்டாம் சுற்றை அம்மா கூப்பிடக் கூப்பிட எழுதினார்கள். நேரம் மாறக்கூடாது என்று நான் பிடித்த பிடிவாதம்தான் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறது.

நவம்பர் 17

அன்னெலீஸுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பதில்: விளக்கம் நன்றாக இருக்கிறது, ஆனால் இது விளக்கம்தான், நிரூபணம் இல்லை.

கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அவள் சொல்வது சரி. நிரூபித்துவிடுவோம். நேராகக் காசியானோவின் அறைக்குப் போனேன்.

"இன்டர்வெல்ல பதினோரு மணிக்கு மாத்துங்க சார். ஏழு நாள் போதும். அப்புறம் மறுபடி டெஸ்ட் வைக்கிறேன். மார்க் இறங்கலைன்னா உங்க பெட்டிக்கு நானே கூட்டத்துல பேசுறேன்."

"பள்ளிக்கூடம் திறந்த நாள்லேருந்து பத்து மணிக்கு அடிக்கிற மணி மேடம் அது."

"மணிக்குத் தெரியவா போகுது?"

கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "சால்ட்டெஞாக்காரம்மாகிட்ட நான் பேச மாட்டேன். நீங்களே பேசிக்கோங்க."

பேசினேன். "பதினோரு மணிக்கு ஆறிப்போனத எவ திம்பா?" என்று பிடித்துக்கொண்டாள். காரணத்தைச் சொன்னேன். "என் ரெண்டாவது பொண்ணும் அங்கதான் இருக்கா" என்றவள், கூடையைச் சுற்ற இன்னொரு கம்பளி கொண்டுவருவதாகச் சொன்னாள்.

நவம்பர் 20

மணி பதினொன்றுக்கு அடித்தது. முற்றம் முழுக்க ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நின்று போனில் பேசினார்கள். யோசெலின் என்னை இழுத்துத் தன் போனுக்கு முன் நிறுத்தினாள். "இவங்கதாம்மா, அன்னிக்கு விடாதவங்க."

திரையில் ஏப்ரன் கட்டிய ஒரு பெண். தாத்தா எழுந்துவிடக்கூடாதே என்று மெல்லப் பேசினாள். "பரவால்லங்க மேடம். உங்க வேலை அது. பாப்பா ஒழுங்கா சாப்பிடுறாளா?"

நவம்பர் 28, செவ்வாய்

மூன்றாம் சுற்று, பன்னிரண்டு மணிக்கு. இடைவேளை தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து, முதல் சுற்றைப் போலவே. பைகள் சத்தமே போடவில்லை.

நவம்பர் 29

இருபத்தேழு பேர்: 50லிருந்து 32. பதினைந்து பேர்: 26, அசையவில்லை. மொத்தச் சராசரி 30.

இன்னொன்று. மூன்று சுற்றிலும் எல்லைக்கோட்டுக்கு மேலேயே இருக்கும் தாள்கள் மூன்று. அவற்றில் இரண்டு, அம்மாவும் அப்பாவும் ஊரிலேயே இருக்கும் பிள்ளைகளுடையவை. வினாத்தாள் தேடி வந்தது இவர்களைத்தான். 41 என்ற கும்பலுக்குள் இவர்கள் காணாமல் போயிருப்பார்கள். மூவரையும் தனித்தனியே பார்த்துப் பேச நாள் குறித்துவிட்டேன். பெட்டி இவர்களுக்கும் மருந்து இல்லை.

கூட்டத்தில் காசியானோ 28, 41, 30 என்று மூன்று எண்களையும் வாசித்தார். நடுவில் மணி மாறிய கதையையும் அவரே சொன்னார், கண்டுபிடித்ததே அவர்தான் என்பது போல. சொல்லிவிட்டுப் போகட்டும். கடைசியில், "பெட்டியே வேண்டாம்னு நான் சொல்லல. இப்ப வேண்டாம்" என்றார். வாலிபால்களைப் போட்டு வைக்க ஒரு பெட்டி தேவைதானாம்.

டிசம்பர் 12

அன்னெலீஸ்: எட்டு இல்லை, ஒன்பது நாடுகள். வழிகாட்டிக் குறிப்பில் ஒரு வரி கூடியிருக்கிறது – போனின் அந்தப் பக்கம் யார் இருக்கிறார், அங்கே அப்போது மணி என்ன என்று முதலில் கேட்கவும். அதற்குக் கீழே, "அக்டோபர் 29 அன்று நானும் என் கடிகாரத்தைத் திருப்பி வைத்தவள்தான், எனக்கும் தோன்றவில்லை" என்று எழுதியிருந்தாள்.

ஏப்ரல் 1, திங்கள்

காலை ஏழரைக்குக் காசியானோவின் போன். என்ன விபரீதமோ என்று பதறி எடுத்தேன்.

"நேத்து ஸ்பெயின்ல கடிகாரத்த மறுபடி மாத்திட்டாங்க மேடம். இன்னையிலேருந்து மணி பத்துக்கு அடிக்குது. சால்ட்டெஞாக்காரம்மாகிட்ட நானே சொல்லிட்டேன். உங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடலாம்னு…"

எனக்கு மறந்தே போயிருந்தது.