அட்ஜஸ்ட் என்னும் சொல்

10.10.1984, புதன்கிழமை

மாப்பிள்ளை கை நீட்டியதால் சென்ற மாதம் 28ஆம் தேதி இங்கு வந்துவிட்ட என் மகள் வசந்தாவை அழைத்துப் போக, அவள் மாமனார் மாரண்டஹள்ளியிலிருந்து இன்று வந்தார்.

"பையனுக்கு முன்கோபங்க. பாப்பாவக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க" என்றார்.

பேருந்தில் இடம் கேட்கவும், தையற்காரர் தவணை சொல்லவும், குழம்பில் உப்புக் குறைந்தாலும் இந்த ஒரு சொல்தான். நானும் சொல்லியிருக்கிறேன். அடி விழுந்தாலும் அதையே சொல்வார்கள் என்று இன்றுதான் அறிந்தேன்.

"உங்க பையன் எதைங்க அட்ஜஸ்ட் பண்ணிக்குவாரு?" என்றேன்.

"நல்லாக் கேட்டீங்க போங்க! ஆம்பளைக்கு என்னங்க?" என்று சிரித்தார்.

"அப்ப அவரே வந்து, இனிமே கை நீட்ட மாட்டேன்னு சொல்லட்டுங்க. அப்புறம் பாப்பா இஷ்டம்."

இலை போட்டிருந்தும் அவர் உண்ணாமல் எழுந்து போய்விட்டார். "சம்பந்தி பசியோட போறாருங்களே, ஊரு என்ன பேசும்?" என்று என் மனைவி இன்னும் புலம்புகிறாள். அவளுடைய அச்சம் நியாயமற்றதன்று. நான் செய்தது சரிதானா என்று உறுதியாக எழுத இயலவில்லை.

ஆனால் வந்த நாள் முதல் அரைவயிறாகவே உண்டுவந்த வசந்தா, இன்றிரவு யாரும் அழைக்காமலே வந்து உட்கார்ந்தாள். ரசத்துக்கும் சோறு கேட்டு வாங்கிக்கொண்டாள்.