படத்தில் செத்துப்போன அப்பா

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌகரியம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? பத்திரிகையில் வந்த போட்டோவில் உன் கன்னமெல்லாம் ஒட்டிக் கிடக்கிறது. விருது வாங்கியவன் முகம் மாதிரியே இல்லை. போனில் அப்பாவைப் பற்றி எடுத்தாலே பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

உன் படத்தைப் பார்த்துவிட்டோம். நம் ஊர்த் தியேட்டருக்கு அது வரவில்லை. பக்கத்து நகரத்தில் காலைக்காட்சி மட்டும் போடுகிறார்கள் என்று உன் மாமாதான் விசாரித்துச் சொன்னார். அப்பா வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "எத்தனை மணிக்கு பஸ்?" என்றார், அவ்வளவுதான். ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டு, நகக்கண்ணில் இருந்த கிரீஸ் போகும்வரை சோப்புப் போட்டுத் தேய்த்தார்.

தியேட்டரில் கூட்டமே இல்லை. உன் மாமா பாதியில் குறட்டை விட்டார், கோபித்துக்கொள்ளாதே, முந்தின நாள் அவருக்கு இரவு ஷிப்ட். எனக்குத்தான் ஆரம்பத்திலேயே தூக்கிவாரிப்போட்டது. மாடிப்படிக்குக் கீழே பழைய டயர்கள், அம்மா இருந்தவரை உட்கார்ந்து காய் நறுக்கிய ஜன்னல், எல்லாம் அச்சு அசல் நம் வீடு. எந்த ஊரில் தேடிப்பிடித்தாயோ! நிஜ வீடு இங்கே இருக்க, அதைப் போல ஒன்றுக்காக எங்கெங்கே அலைந்திருப்பாய் என்று நினைத்தால் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஆனால் படத்தில் அந்தப் பையன் ஊர் திரும்புவதற்குள் அவன் அப்பா இறந்துவிடுவார் என்று எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா? பக்கத்தில் அப்பாவை வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் அந்தப் பழைய சண்டை வேறு. "கேமராவைத் தூக்கிக்கிட்டுப் போறதுன்னா, மறுபடி இந்தப் படியில கால வைக்காதே." ஒரு சொல் பிசகாமல் வைத்திருக்கிறாய். அப்பா அசையவே இல்லை. விளக்குப் போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை. நான்தான் தோளைத் தொட்டுக் கூப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அப்பா கேட்டார்: "நான் அப்படியேவா சொன்னேன்?" ஆமாம்ப்பா என்றேன். "கோவத்துல வந்த வார்த்தை. அதையா இத்தனை வருஷமும் வச்சிக்கிட்டிருக்கான்?" பிறகு, "நடிச்சவரு என்னைவிட நல்லாத்தான் சொல்றாரு" என்று சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

படம் நல்லா இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது அவராகவே ஆரம்பித்தார். அவருக்குக் கடைசிக் காட்சிதான் பிடிக்கவில்லையாம். அந்தப் பையன் பூட்டிய வாசலில் நின்றுவிட்டு அப்படியே திரும்பிப் போகிறானே, அது. "பூட்டு தொங்குனா என்ன? சாவி பக்கத்து வீட்டுல இருக்கும்னு அவனுக்குத் தெரியாதா? கேட்டு வாங்கித் திறக்க வேண்டியதுதானே?" என்று எனக்குத்தான் திட்டு. கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம சாவி அங்கதானே கொடுத்து வச்சிருக்கே?" என்று கேட்டார். நான் மோர் எடுக்கப் போவது போல உள்ளே போய்விட்டேன்.

அப்பா உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. மாடி ஏறினால் மட்டும் மூச்சு வாங்குகிறது. வேண்டாம் என்றால் கேட்பதில்லை. உன் அறை ஜன்னலுக்கு அவரே பெயின்ட் அடித்திருக்கிறார். மழையில் மரம் ஊறிப்போகுமாம். சாயங்கால பஸ் வரும் நேரத்தில் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டுக்கொள்கிறார். எங்கேப்பா கிளம்புறீங்க என்றால், "எங்கேயும் இல்ல, சும்மாதான்" என்கிறார்.

உனக்கு வேலை இருக்கும், தெரியும். வா என்று சொல்லி உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். நீ இன்னும் நிறைய படம் எடுக்க வேண்டும், தம்பி. ஒவ்வொன்றையும் அப்பா உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

உன் நினைவாகவே இருக்கும்,
அக்கா