விருந்தாளிகள் கேட்ட சிரிப்பு

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல மூடி இருக்கு. பீரோ சாவி தலகாணிக்குக் கீழ. நான் வேலை பாக்குற லேபுக்குப் போறேன். லீவு நாள்ல அங்க யாரும் இருக்க மாட்டாங்க, அதுக்குத்தான்.

நேத்து விருந்து முடிஞ்சதும் கேட்டீங்களே, "எங்க ஆளுங்க முன்னாடி மட்டும் உன் ஆட்டிசம் எங்க போச்சு? அவங்ககிட்ட அப்படிச் சிரிச்சிட்டு, இப்ப சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கே"ன்னு.

அது என் சிரிப்பு இல்லை. செத்துப்போன எங்க அக்காவோடது. எப்பச் சிரிக்கணும்னு எனக்குப் பிடிபடாது. சின்ன வயசுல அவளைப் பார்த்துப் பார்த்துத்தான் பழகினேன். தலையைச் சாய்க்கிறது, வாயைப் பொத்துறது, எல்லாம் அவதான். கூட்டத்துல ஒவ்வொரு பேச்சுக்கும் அவளை எழுப்பிக் கூட்டிட்டு வரணும். அதுலயே உடம்பு ஓய்ஞ்சு போகுது. எல்லாரும் கிளம்பினப்புறமும் அவ மட்டும் உடனே போக மாட்டேங்குறா. சுவர்ல அவளைத்தான் பார்த்துட்டிருந்தேன்.

உங்க தங்கச்சி குடையை மறந்துட்டுப் போயிட்டா. சாயங்காலம் வருவா. நான் வர்றதுக்குள்ள குடுத்து அனுப்பிடுங்க.

பி.கு: வீட்டுலயும் அப்படிச் சிரின்னு இனிமே கேக்காதீங்க. உங்க பக்கத்துல இருக்கும்போது மட்டும்தான் நான் அக்காவைத் தூங்க விடுறேன்.