பாதியில் நிற்கும் அப்டேட்

6 ஜனவரி 2016, புதன்

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் ஒரு எச்சரிக்கை. சிஸ்டம் கோப்பு ஏதோ சேதமாகிவிட்டதாம். நேற்று சாயங்காலம் அப்டேட் கேட்டது, கொடுத்தேன். கேட்டதைக் கொடுத்தவளுக்கு இதுதான் மரியாதை. ஆல்பம் சாஃப்ட்வேர் திறக்கிறது, இரண்டு பக்கம் அடுக்குவதற்குள் தானாக மூடிக்கொள்கிறது. ஜெபசீலன் அண்ணனின் ஸ்டுடியோவிலிருந்து மூன்று கல்யாணம் வந்து கிடக்கிறது. சாம்பல் புதனுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். தவக்காலம் தொடங்கினால் எங்கள் கடற்கரையில் கல்யாணமும் இல்லை, எனக்கு வேலையும் இல்லை.

7 ஜனவரி

நெட்டில் தேடிப் படித்து, கறுப்புத் திரையில் கட்டளை அடித்துக் கோப்புகளைச் சோதிக்கவிட்டேன். மீன்குழம்பு கொதித்து இறக்கும் நேரம் ஆனது. சேதமானவை கிடைத்தன, சரிசெய்தாயிற்று என்று வந்தது. பெரிய இஞ்சினியர் ஆகிவிட்ட மாதிரி எனக்கு ஒரு நினைப்பு.

13 ஜனவரி, புதன்

நினைப்பு போயிற்று. மறுபடியும் அதே எச்சரிக்கை. பாதியில் நின்ற அப்டேட்டை நேற்று திரும்பக் கேட்டது. சாயங்காலம் 'அப்டேட் செய்து அணை' என்பதை அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போனேன். ஏழு மணிக்குக் கோயில் மணி, குடும்ப செபம். எல்லாம் முடிந்து பார்த்தபோது பெட்டி ஒழுங்காக அணைந்துதான் இருந்தது. பிறகு எங்கே கெட்டது?

பஹ்ரைனிலிருந்து இவர் கூப்பிட்டார். அங்கே படகு ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. இந்த சீசனில் என் வேலை நிலைத்துவிட்டால், புதுப்பிக்காமல் ஊருக்கே வந்துவிடுவது என்று பேசி வைத்திருக்கிறோம். மாதக் கடைசிக்குள் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார். நன்றாகப் போகிறது என்றேன். வேறு என்ன சொல்ல?

18 ஜனவரி

மணவாளக்குறிச்சி ஜங்ஷனில் கடை வைத்திருக்கும் அனில்குமார் வந்து பார்த்தான். ஹார்ட் டிஸ்க், ராம் இரண்டிலும் பழுதில்லை. ஃபார்மட் அடிப்பதுதான் வழி என்கிறான். எல்லாவற்றையும் திரும்ப ஏற்றி, எழுத்துருக்களைத் தேடிப் போட்டு... ஆல்பம் பாதியில் கிடக்கும்போது அது நடக்கிற காரியமா?

ஜெபசீலன் அண்ணன் போனில் தன்மையாகத்தான் பேசினார். முடியாவிட்டால் சொல்லிவிடு, வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அந்தத் தன்மைதான் பயமாக இருக்கிறது.

20 ஜனவரி, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்.

வழக்கமாக மாமா, இவருடைய அப்பா, மெழுகுதிரி கொளுத்திச் சிலுவை அடையாளம் போட்ட பிறகுதான், நான் ஈரக் கையோடு ஓடிவந்து முழங்காலிடுவேன். இன்று அடுப்பு வேலை முன்னாலேயே முடிந்தது. மணி அடிக்கும்போது கூடத்தில் இருந்தேன். அப்டேட் முப்பது சதவீதம்.

செப நேரத்தில் மாதா படத்துக்கு முன்னால் கரண்டில் எதுவும் ஓடக் கூடாது, இது மாமாவின் சட்டம். டிவியை ரிமோட்டில் அணைத்தால் அவருக்கு அணைத்த மாதிரி இராது. சுவரில் சுவிட்சைத் தட்டினார். டிவி நின்றது. மேசைக்கு அடியில் கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தமும் நின்றது.

கூடத்தில் இருப்பதே அந்த ஒரு பிளக்தான். யுபிஎஸ் பாட்டரி செத்தபோது அதிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்தது நானேதான். செபம் முடிந்ததும் மாமா சுவிட்சைத் திரும்பப் போட்டுவிடுவார், எனக்கு ஒன்றும் தெரியாது. வாய் அதுபாட்டுக்கு அருள் நிறை மரியே சொன்னது. மனசு சொன்னதை — வேண்டாம், எழுதல. கோவம் கோவமா வந்துது. பிறகு அழுகை.

21 ஜனவரி

மாமாவிடம் சொன்னேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைக்கிறேன். ஓடும்போது அணைத்தால் கோப்பு கெடும், கெட்டால் வேலை போகும், வேலை போனால் இவர் வருவது தள்ளிப்போகும் என்றேன். அணைக்காதே என்று திரையில் இங்கிலீஷில் போட்டிருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்க கையா மக்கா அவன் வரவத் தடுத்தது?"

நான் இழுத்த வயர்தான் மாமா என்றேன். காதில் விழுந்ததா தெரியவில்லை. மத்தியானம் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். பேசாமல் பகலிலேயே அப்டேட் போட்டுவிட்டு இருந்திருக்கலாமோ?

23 ஜனவரி, சனி

முதல் ஆல்பத்துக்கு நாளை ஜெபசீலன் அண்ணன் நேரில் வருகிறார். நல்ல கோப்புகளை நெட்டிலிருந்து இறக்கிச் சரிசெய்யும் கட்டளை ஒன்று உண்டு. காலையிலேயே போட நினைத்தேன், மாதாந்திர மின்தடை. மூன்று மணிக்கு மேல்தான் கரண்ட் வந்தது. இருபது சதவீதத்தில் வெகுநேரம் நின்றது. கோயில் மணி அடிக்கும்போது அறுபத்திரண்டு.

மாமா எழுந்து சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோய், பாதியில் எடுத்துக்கொண்டார். ரிமோட்டைத் தேடி எடுத்து என்னென்னவோ அமுக்கினார். முதலில் சத்தம்தான் கூடியது. கடைசியில் அணைத்துவிட்டு வந்து முழங்காலிட்டார். மேசைக்கு அடியில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கடலில் தொழில் செய்கிறவர்களுக்கு, இறந்துபோய் உத்தரிக்கும் ஆத்துமாக்களுக்கு என்று எல்லாம் வேண்டி முடித்த பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்த மிஷினுக்கும் ஒரு அருள் நிறை மரியே சொல்லு மக்கா."

சொன்னேன். சிரிப்பை அடக்கப் போய்க் கண் நிறைந்துவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் நூறு வந்தது. எச்சரிக்கை இல்லை.

24 ஜனவரி

ராத்திரியோடு ராத்திரியாக முடித்து, ஆல்பம் அண்ணன் கைக்குப் போயிற்று.

10 பிப்ரவரி, சாம்பல் புதன்

மூன்றும் கொடுத்தாயிற்று. ஈஸ்டருக்குப் பிறகு வரும் கல்யாணங்களையும் எனக்கே தருவதாக ஜெபசீலன் அண்ணன் சொல்லியிருக்கிறார். செபத்தில் மாமா மகனை எப்போதும் 'அக்கரையில கிடக்க எனக்க பிள்ளைக்கு' என்றுதான் சொல்லுவார். இன்று 'மார்ச்சில வாற ஜான்ரோசுக்கு' என்றார்.