ஒற்றை விரல் வணக்கம்

அன்புள்ள டோரோட்டா,

நலம்தானே? உன் முதுகுவலி குறைந்ததா? எனக்கு அலுப்பைத் தவிர வேறு குறையில்லை.

நேற்று மீன் ஆலைக்கு விடுமுறை. லூயிஸ் தீவின் ஒடுங்கிய சாலைகளில் ஊர் ஊராகக் காரோட்டினேன். இங்கே எதிரே வருபவருக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவதுதான் வணக்கம். டிராக்டரில் வந்த, ஆடு வளர்க்கும் மோராக் என்ற அம்மாள் விரலைத் தூக்கினார். இந்த வாரத்தில் என்னைக் கண்டுகொண்ட முதல் ஆள். நான் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். கார் சதுப்பில் இறங்கிவிட்டது. பயப்படாதே, கீறல்கூட இல்லை.

அவரே டிராக்டரில் கட்டிக் காரை வெளியே இழுத்துவிட்டார். "ஒத்த விரல் போதும்பா. ரெண்டு கையையும் விட்டுட்டா வண்டிய யாரு ஓட்டுவா, ஆடா?" என்றார்.

கம்பளிக் காலுறைகள் கிழிந்துவிட்டன. புதியவற்றை உன் பழைய சால்வையில் சுற்றி அனுப்பு. சால்வையைத் துவைக்காதே.

ஆலை வண்டி வந்துவிட்டது.

உன் காஜிக்